முள்ளு சார் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்த சத்தியம்

எடையளவு ஆய்வாளருக்குக் கடைத்தெருவில் வைத்திருந்த பெயர் முள்ளு சார். தராசு முள் போல நடுவில் நிற்பவர் என்று மெச்சி வைத்த பெயர் என அவர் நினைத்துக்கொண்டிருந்தார். தொண்டையில் சிக்கிய முள் என்ற அர்த்தத்தில்தான் வைத்தார்கள் என்பது அவர் மனைவிக்குத் தெரியும். பதினேழு வருடமாக அவள் அதைச் சொல்லவில்லை.

அவர் கையில் எப்போதும் ஒரு மரப்பெட்டி இருக்கும். உள்ளே வெல்வெட் துணி போட்ட குழிகளில் பித்தளை எடைக்கற்கள் பெரிதிலிருந்து சிறிதாகப் படுத்திருக்கும். பெட்டி தெருமுனையில் திரும்பியதுமே கடைக்காரர்களுக்குத் தராசைத் துடைக்க வேண்டும் என்று தோன்றிவிடும். எல்லோரும் மரியாதையாகச் சிரிப்பார்கள். ஆனால் டீக்கடையில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் இன்னொருவர் உட்கார மாட்டார். ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவரும், யாரோ கூப்பிட்ட மாதிரி பாதி டம்ளரோடு எழுந்து போய்விடுவார். யாரிடமும் ஒரு மிட்டாய்கூட வாங்கித் தின்னாத மனிதர். அந்த நேர்மைக்குக் கிடைத்த பரிசு, ஒரு முழு பெஞ்சு.

அதனால்தான், பல் மருத்துவர் அவருடைய கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டே, "உங்களை மாதிரி ஒரு ஆளைத்தான் நாங்க ரொம்ப நாளாத் தேடிட்டிருக்கோம்" என்று சொன்னபோது அவருக்குப் பல்வலியே மறந்துவிட்டது. நாங்க என்றால் யார் என்று கேட்டிருப்பார். வாய் நிறையப் பஞ்சு. தலையை மட்டும் ஆட்டினார். பல் மருத்துவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

நான்கு தூண் சகோதர சங்கம், பல் ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் சனிக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்குக் கூடியது. வெளியே நல்ல வெயில். உள்ளே ஜன்னல் திரைகளை எல்லாம் இழுத்துவிட்டிருந்தார்கள். மெழுகுவர்த்தி அணைந்துவிடும் என்பதால் மின்விசிறியும் கிடையாது. முள்ளு சாருடைய கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டி, ஒரு காலில் மட்டும் செருப்போடு நடத்திக்கொண்டு போனார்கள். எங்கோ யாரோ தும்மினார்கள். தபால் நிலைய அதிகாரியின் தும்மல் அது. கண்ணைக் கட்டினாலும் தெரியும்.

பல் மருத்துவர் ஒவ்வொரு துண்டாகச் சொல்ல, இவர் திருப்பிச் சொன்னார். "இங்கே காண்பதையும் கேட்பதையும், நான் இங்கே வந்ததையும், மனைவியிடமோ மதகுருவிடமோ நீதிபதியிடமோ சொல்ல மாட்டேன். சகோதரன் ஆபத்தில் சைகை காட்டினால், காரணம் கேட்காமல் கைகொடுப்பேன். மீறினால் என் நாக்கு வேரோடு பிடுங்கப்படட்டும். கடவுள் சாட்சி."

'காரணம் கேட்காமல்' என்ற இடத்தில் அவருக்குச் சுருக்கென்றது. அதற்குள் அடுத்த துண்டு வந்துவிட்டது. ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கவா முடியும்? கட்டை அவிழ்த்ததும் பதினான்கு பேர் கை தட்டினார்கள். மளிகைக் கடைக்காரர் முதல் ஆளாக ஓடிவந்து, "வா சகோதரா!" என்று கட்டிக்கொண்டார். கல்யாணத்தன்று புகைப்படக்காரர் அதட்டியதால் மச்சான் கட்டிப்பிடித்ததோடு சரி, அதற்குப் பிறகு எந்த ஆணும் முள்ளு சாரைக் கட்டிப்பிடித்ததில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துணி இறுக்கியதில் வந்த தண்ணீர் என்று சொல்லிச் சமாளித்தார்.

புதிதாகச் சேர்ந்தவருக்குச் சங்கத்தில் 'செங்கல்' என்று பட்டம். மூன்று வருடம் ஒழுங்காக இருந்தால் 'தூண்' ஆகலாம். தோளில் குறுக்கே போட்டுக்கொள்ள ஒரு நீலப் பட்டை கொடுத்தார்கள்.

வீட்டில், சனிக்கிழமைகளில் அளவியல் கருத்தரங்கு நடக்கிறது என்று சொல்லி வைத்தார். மனைவி இரண்டு தெரு தள்ளி ஒரு சலவைக் கடையில் கவுண்டரில் வேலை பார்த்தாள். துணியை வாங்கி, கறையைப் பார்த்து, டோக்கன் கிழித்துக் கொடுப்பது அவள் பொறுப்பு. இரண்டாவது கருத்தரங்குக்கு அவர் கிளம்பிக்கொண்டிருந்தபோது, சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

"ஏங்க, அந்த நீலப் பட்டைய வீட்ல துவைக்கலாம்னு நெனைக்காதீங்க, சாயம் போயிடும். கடைக்குக் கொடுத்துடுங்க. மத்த பதினாலும் அங்கதான் வருது."

தலை வாரிக்கொண்டிருந்த முள்ளு சார் சீப்பைக் கீழே வைத்தார். "எந்தப் பட்டை?"

"அலமாரில, அளவியல் புத்தகத்துக்குப் பின்னாடி சுருட்டி வெச்சிருக்கீங்களே, அந்தப் பட்டை. பல் டாக்டரோடது டோக்கன் பன்னெண்டு. எப்பப் பாத்தாலும் காபிக் கறை. தபாலாபீஸ்காரர் மூக்கைத் துடைச்சுக்கறார்னு நெனைக்கிறேன்."

அவருக்கே இன்னும் பாதிப் பேருடைய பெயர் தெரியாது. இவளிடம் மொத்தப் பட்டியலும், கறைவாரியாக இருந்தது.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"எதுக்குச் சொல்றேன்? துணி கொடுத்தவங்க விஷயம் கவுண்டரத் தாண்டி வெளில போகாது."

"அப்படின்னு நீ எங்கயாவது சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கியா?"

"டோக்கன் கிழிச்சுக் கொடுத்திருக்கேன்" என்றாள் அவள். சட்டையைக் கையில் கொடுத்து, "கருத்தரங்குக்கு நேரமாச்சு, கிளம்புங்க செங்கல்" என்றாள். செங்கல் என்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. பட்டையின் உள்பக்கம் பெரிய எழுத்தில் அதைத் தைத்திருந்ததை அவர் கவனிக்கவேயில்லை.

விஷயம், கண்ணைக் கட்டியது வரைக்கும், மச்சான் காதுக்கு எப்படிப் போனதோ தெரியாது. மனைவியின் அண்ணன் ஜெபக்கூடத்தில் போதகர். அடுத்த வாரப் பிரசங்கம் ரகசியச் சத்தியங்களைப் பற்றி, ஐம்பது நிமிஷம். முடிந்த கையோடு தங்கை வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். வழக்கமாக அவர் அந்த வீட்டில் பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார்ந்ததில்லை.

"மாப்பிள்ளை, நான் பொதுவாத்தான் பேசினேன்."

"பொதுவாப் பேசும்போது என்னையே ஏன் பாத்தீங்க மச்சான்?"

"நீங்க மூணாவது வரிசைல உக்காந்திருந்தீங்க. கண்ணு அங்கதான் போகுது." போதகர் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "வெத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போடுவீங்களா? மாட்டீங்க. ஆனா கண்ணைக் கட்டிக்கிட்டு, அடுத்த வார்த்தை என்னன்னே தெரியாம, கடவுள் சாட்சின்னு சொல்லியிருக்கீங்க. வெத்துப் பேப்பர்ல உங்க கையெழுத்தைப் போட்டாக்கூடப் பரவாயில்ல. கடவுளோட கையெழுத்தைப் போட்டிருக்கீங்க."

"உங்க ஜெபக்கூடத்துக் காரியக் குழு மட்டும் கதவைச் சாத்திக்கிட்டுப் பேசறதில்லையா?"

"அது கொசுவுக்காக" என்றார் போதகர்.

மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டாள். முள்ளு சாரும் சிரித்தார். ஆனால் மச்சான் போன பிறகு சிரிப்பு நிலைக்கவில்லை. நிறுத்துப் பார்க்காத எதன் மேலும் அவர் தன் பணிக்காலத்தில் முத்திரை குத்தியதில்லை. இந்த ஒன்றின் மேல் குத்தியிருந்தார்.

அடுத்தது அலுவலகத்தில் வந்தது. நகராட்சி அனுமதிகள் எல்லாம் யாரோ ஒரு கூட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் போகின்றன என்று பெயரில்லாத புகார்கள் வந்திருந்தன. அதனால் புதிய தலைமை அதிகாரி ஊழியர் எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்தார். ஏழாவது கேள்வி இது: பணியேற்பு உறுதிமொழி தவிர, வேறு எந்த அமைப்புக்காவது ரகசிய உறுதிமொழி எடுத்திருக்கிறீர்களா? ஆம், இல்லை.

அலுவலகத்தில் சங்கத்து ஆட்கள் அவரோடு சேர்த்து நான்கு பேர். பக்கத்து மேஜை நில அளவையாளர் 'இல்லை' என்று சுழித்து எழுதிவிட்டு, குனிந்து, "இல்லைன்னு எழுதறதும் சத்தியத்துல அடக்கம் சகோதரா" என்று கிசுகிசுத்தார். மற்ற இருவரும் அப்படியே எழுதினார்கள்.

முள்ளு சார் பேனாவைத் திறந்து மூடினார். ஆம் என்றால் சங்கத்துச் சத்தியம் போச்சு. இல்லை என்றால் பொய். மாலைவரை அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெறுமையாகவே கொடுத்தார்.

மறுநாள் காலையில் தலைமை அதிகாரி கூப்பிட்டனுப்பினார். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு மேஜை முழுக்கத் தேடுகிற அம்மா அவர். அன்றும் தேடிக்கொண்டிருந்தார்.

"தலைல இருக்கு மேடம்."

"ஓ, தேங்க்ஸ். உக்காருங்க. எல்லாரும் ஏழாவது கேள்விக்கு ஒரு வார்த்தை எழுதியிருக்காங்க. நீங்க ஒருத்தர்தான் எழுதல. அதனால இப்ப எனக்கு உங்களைப் பத்தி மட்டும்தான் தெரியும், அது புரியுதா?"

"புரியுது மேடம்."

"உங்க சங்கத்துல நீங்க தலைகீழா நிக்கறீங்களா, பாட்டுப் பாடறீங்களா, எனக்கு வேண்டாம். ஒரே கேள்வி. சகோதரர் ஒருத்தரோட தராசு தப்பா நிறுத்தா, எந்தச் சத்தியத்தைக் கைல எடுப்பீங்க?"

"அப்படி ஒண்ணும் நடக்காது மேடம்."

"பத்து நாள் தரேன். நடக்கறதுக்குள்ள யோசிச்சு வெச்சுக்குங்க. படிவத்தையும் நிரப்பிக் கொடுங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டார்களே என்று படியிறங்கும்போது நினைத்தார். தன் விஷயத்தில் அது வெறும் பேச்சுக்குச் சொல்வதல்ல என்று உடனே ஞாபகம் வர, வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

நான்காம் நாளே நடந்தது. மளிகைக் கடையில் வழக்கமான சோதனை. வாடிக்கைக்கார அம்மா ஒருவர் சர்க்கரை வாங்க நின்றிருந்தார். ஒரு கிலோ எடைக்கல்லை மின்தராசில் வைத்தார் முள்ளு சார். திரையில் ஒன்று புள்ளி பூஜ்யம் நான்கு என்று வந்தது. கல்லைத் துடைத்து மறுபடி வைத்தார். இரண்டு கிலோ வைத்தார். மூன்று முறையும் அதே கதை. வாங்குகிறவருக்குக் கிலோவுக்கு ஏறக்குறைய நாற்பது கிராம் குறைகிறது.

நிமிர்ந்து பார்த்தார். மளிகைக் கடைக்காரர் வலது காதுமடலைப் பிடித்து இரண்டு முறை இழுத்தார். ஆபத்துச் சைகை.

"ஒரு வாரம் கொடு சகோதரா. மெக்கானிக்கை வரச் சொல்றேன். யாருக்குத் தெரியப்போகுது?"

முள்ளு சாருக்கு விட்டுவிடத்தான் ஆசையாக இருந்தது. இந்த ஊரில் தன்னை முதலில் கட்டிக்கொண்ட ஆள். ஒரு வாரம் என்ன, ஏழு நாள்தானே. ஆனால் முந்தின நாள்தான் அடுத்த தெரு காய்கறிக் கடைக்காரர் மூன்று நாள் அவகாசம் கேட்டுக் கெஞ்சினார். அவருக்கு ஒரு மணி நேரம்கூடக் கொடுக்கவில்லை. அந்த மனிதருக்கு எந்தக் காதைப் பிடிக்க வேண்டும் என்று தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

"காதை விடுங்க, வலிக்கப்போகுது" என்றார்.

"நீ சத்தியம் பண்ணியிருக்க."

"ரெண்டு பண்ணியிருக்கேன். வேலைல சேந்தப்ப பண்ணது கண்ணைத் தொறந்துக்கிட்டு."

கம்பியைச் சுற்றி ஈய முத்திரை வைத்துத் தராசைப் பூட்டினார். இடுக்கி இரண்டு முறை நழுவியது. பணியில் சேர்ந்த நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை. சர்க்கரை அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இவங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா?" என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டார்.

சனிக்கிழமை மேல்மாடியில் விசாரணை. பல் மருத்துவர் உயரமான நாற்காலியில். மளிகைக் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெழுகுவர்த்தி, புழுக்கம், எல்லோர் நெற்றியிலும் வியர்வை.

"சைகையைப் பாத்தும் கைகொடுக்கல. என்ன சொல்ற செங்கல்?"

"அந்தச் சத்தியத்தை இன்னொரு தடவை படிங்க. போன தடவை எனக்குக் கண்ணு கட்டியிருந்துச்சு."

அப்படி யாரும் இதுவரை கேட்டதில்லை. பல் மருத்துவர் கீழே போய் நோயாளிகள் நேரக் குறிப்பேட்டைக் கொண்டுவந்தார். சத்தியம் அதன் கடைசிப் பக்கத்தில் இருந்தது. படித்தார். நாக்கைப் பற்றிய வரி வந்ததும் முள்ளு சார் கையைத் தூக்கினார்.

"இதை யார் செய்வாங்க?"

"எதை?"

"நாக்கை. பொறுப்பு யாருக்கு?"

எல்லோரும் பல் மருத்துவரைப் பார்த்தார்கள். ஆயுதம் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

"சேச்சே" என்றார் அவர். "அது சும்மா ஒரு கம்பீரத்துக்கு எழுதினது."

"சும்மாவா?" என்று பின்வரிசையிலிருந்து தபால் நிலைய அதிகாரி எழுந்துவிட்டார். "பன்னெண்டு வருஷமா எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலயே! நான் ஒரு காய்ச்சல்ல ஏதோ உளறிட்டேன்னு நாலு மாசம் பயந்து செத்திருக்கேன்."

அவரை உட்காரவைக்கவே ஐந்து நிமிஷம் ஆனது. முள்ளு சார் விடவில்லை. "தண்டனை சும்மான்னா, கடவுள் சாட்சிங்கறதும் சும்மாவா? அதைச் சும்மா சொல்ல எனக்குப் பயமா இருக்கு. அது சும்மா இல்லன்னா, ஒரு வரி சேத்துக்குங்க. 'என் வேலைக்கும் சட்டத்துக்கும் விரோதம் இல்லாத வரைக்கும் கைகொடுப்பேன்'னு. நான் இங்கயே இருந்துடறேன்."

பல் மருத்துவர் யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டார். "அதைச் சேத்துட்டா, அப்புறம் சத்தியத்துல என்னப்பா மிச்சம் இருக்கு?"

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. மளிகைக் கடைக்காரர் தன் காதைத் தடவிக்கொண்டார்.

முள்ளு சார் பட்டையைக் கழற்றி, மடித்து, மேஜையில் வைத்தார். உண்மையாகவே வலித்தது. ஆறு சனிக்கிழமைகள் பதினான்கு பேர் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். படியிறங்கும்போது யாராவது கூப்பிடமாட்டார்களா என்று மெதுவாகத்தான் இறங்கினார். தும்மல் சத்தம் மட்டும் கேட்டது.

திங்கட்கிழமை ஏழாவது கேள்விக்கு எதிரே எழுதினார்: 'ஆம். எடுத்தேன். விலகிவிட்டேன்.'

தலைமை அதிகாரி படித்தார். "மத்தவங்க யாரு?"

"அது அவங்கவங்க படிவத்துல இருக்கணும் மேடம். என்னுதுல எழுத இடம் இல்ல."

"இன்னும் ரகசியத்தைக் காப்பாத்தறீங்க."

"என்னைப் பத்தி எழுதியாச்சு. அதுவே சத்தியத்தை உடைச்சதுதான். மத்ததை உடைக்க மாட்டேன். தராசு விஷயத்துல மட்டும் யாருக்காகவும் எதையும் மறைக்க மாட்டேன்."

தலைமை அதிகாரி படிவத்தைக் கோப்புக்குள் வைத்தார். பிறகு கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு, "போங்க" என்றார். அந்த வாரத்திலேயே இரண்டு பேர், படிவத்தில் தவறுதலாக எழுதிவிட்டோம், திருத்த வேண்டும் என்று திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நில அளவையாளர் வாங்கவில்லை. இப்போதும் அவர் பக்கத்து மேஜையில்தான் இருக்கிறார், பேசுவதில்லை.

அதைவிடப் பெரிய சங்கடம் செவ்வாய்க்கிழமை காத்திருந்தது. கடைவாய்ப் பல்லில் தற்காலிகமாகத்தான் அடைத்திருந்தது. ஊரில் வேறு பல் மருத்துவர் கிடையாது. முள்ளு சார் நாற்காலியில் சாய்ந்தார். விளக்கு முகத்தில் விழுந்தது.

"வாயைத் தொறங்க."

திறந்தார்.

"நாக்கைக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்த பல் மருத்துவர் நிறுத்திவிட்டார். இடுக்கி கையில் அப்படியே நின்றது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் மருத்துவரின் முகமூடி குலுங்கியது. வாயைத் திறந்தபடி சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை முள்ளு சார் அன்று தெரிந்துகொண்டார். மருத்துவர் பல்லை ஒழுங்காகவே அடைத்துவிட்டார். கை கழுவும்போது, "அந்த ஒரு வரியைச் சேக்கலாமான்னு ஒரு பேச்சு அடிபடுது. இதுக்கு மேல நான் சொல்லக்கூடாது" என்றார்.

மளிகைக் கடைக்காரர் தராசைச் சரிசெய்து வைத்தார். அடுத்த சோதனையில் கல்லுக்குக் கல் சரியாக இருந்தது. "சரியாச்சா சார்?" என்று கேட்டார். சகோதரா என்று சொல்லவில்லை. கட்டிக்கொள்ளவும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை நான்கு மணிக்கு முள்ளு சாருக்கு எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. வாசற்படியில் எடைக்கற்களைப் பரப்பி, துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது மச்சான் வந்தார்.

"நல்ல காரியம் பண்ணீங்க மாப்பிள்ளை" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்தச் சத்தியம் கடவுள் முன்னாடி செல்லாது. செல்லாத சத்தியத்தைக் காப்பாத்த வேண்டியதுமில்ல. அதனால, உள்ள என்னதான் நடக்குதுன்னு நீங்க தாராளமாச் சொல்லலாம்."

"சொல்ல மாட்டேன்."

"அதான் செல்லாதுன்னு சொல்றேனே."

"காரணம் கேக்காம கைகொடுப்பேன்னது செல்லாது மச்சான். பாத்ததைச் சொல்ல மாட்டேன்னதை நிறுத்துப் பாத்தேன். எடை சரியாத்தான் இருக்கு."

போதகர் ஒரு கல்லைக் கையில் எடுத்து உருட்டினார். "ஆடு கீடு வெட்டறாங்களா?"

முள்ளு சார் அடுத்த கல்லை எடுத்துத் துடைத்தார்.

"மண்டையோடு வெச்சிருப்பாங்களே? எங்கயோ படிச்சேன்."

ஒரு காலில் செருப்போடு தான் நடந்து போனது முள்ளு சாருக்கு ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தவருக்கு இருமல் வந்தது. போதகர் முதுகைத் தட்டிக்கொடுத்தார், தட்டிக்கொடுத்துக்கொண்டே, "அப்போ இருக்கு, இல்ல?" என்றார்.

"அண்ணா, விடுங்களேன்" என்று உள்ளே இஸ்திரிப் பெட்டியை வைத்தபடி மனைவி குரல் கொடுத்தாள்.

"நீ சும்மா இரு, இது ஆத்மாவைப் பத்தின விஷயம்."

ஆறு மணிக்கு எழுந்தபோது டீ இரண்டு முறை ஆகியிருந்தது. போதகர் செருப்பை மாட்டிக்கொண்டு, "அடுத்த வாரம் வேற மாதிரி கேக்கறேன்" என்றார்.

"வாங்க மச்சான்" என்றார் முள்ளு சார். "நாலு மணிக்கே வந்துடுங்க."